அண்ணியின் வெள்ளைத் திட்டுகள்

1

எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கு விசேஷமோ அவரேதான் கேக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பிறந்தநாளானாலும் அப்படித்தான், வேலைக்குச் சேர்ந்த நாளானாலும் அப்படித்தான். நான் ஸ்வீடனுக்கு வந்து பதினாறு வருஷம் நிறைந்த அன்று ரவா கேசரி கிளறி எடுத்துப்போனேன். காப்பி மேசையில் ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர், "இத்தனை வருஷ ஆராய்ச்சியில் உனக்கு மறக்கவே முடியாத நாள் எது?" என்று கேட்டார். ஏதாவது ஒரு சோதனை பலித்த நாளைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"என் அண்ணி கோபத்தில் போனைக் கட் பண்ணின நாள்" என்றேன்.

அண்ணி என்ற சொல்லிலேயே பேச்சு சிக்கிக்கொண்டது. அண்ணன் மனைவி, தம்பி மனைவி, கணவனின் அக்கா, தங்கை எல்லாருக்கும் இவர்களிடம் ஒரே சொல்தான். எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தலைமுடியை இழுத்துப் பின்னி, என் கணக்குப் பாடத்தைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொடுத்து என்னை வாத்தியாரிடம் அடிவாங்க வைத்த ஒருவரை அந்தச் சொல்லுக்குள் எப்படி அடைப்பது? காப்பி நேரம் முடிவதற்குள் கதையை ஒருவாறு சொல்லி முடித்தேன். பாதி சொன்னதுபோல்தான் இருந்தது. மீதியையும் சேர்த்து நம் மொழியில் உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் வேலையைப் பற்றி. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம். நான் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் முட்டிவலி, சளி, பிள்ளையின்மை எல்லாவற்றுக்கும் என்னிடம் மாத்திரை கேட்கிறார்கள். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொன்னால், "அப்ப இன்னா டாக்டரு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மெலனோமா என்று ஒரு தோல் புற்றுநோய் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருவது. உடம்பின் எதிர்ப்புச் செல்களால் இந்தப் புற்று செல்களை ஏன் அடையாளம் காண முடியாமல் போகிறது, அடையாளம் காட்டும் மரபணுக்களைப் புற்று எப்படி வாய்மூட வைக்கிறது என்பதுதான் நாங்கள் பார்ப்பது. கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள், கூண்டில் வளரும் கறுப்பு எலிகள், கணினியில் ஓடும் எண்கள். பதினாறு வருஷமாக இதுதான்.

வந்த புதிதில் இந்த மொழி என்னைப் பாடாய்ப் படுத்தியது. நஞ்சுக்கும் கல்யாணமானதற்கும் ஸ்வீடிஷில் ஒரே சொல், யிஃப்ட். ஒருநாள் மருந்தின் அளவு கூடிப்போய் என் செல்களெல்லாம் செத்துவிட்டன. வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து, செல்களில் நஞ்சு ஏறிவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என் செல்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது, அதனால் செத்துப்போய்விட்டன" என்று சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. அன்று மாலை அழுதுகொண்டே அண்ணிக்கு போன் செய்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரியாத்தான சொல்லிக்கிற, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். பக்கத்திலிருந்த அண்ணன் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

3

இங்கே காலை பத்து மணியென்றால் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு வீடியோவில் பேசுவது எங்கள் வழக்கம். போனை அண்ணன் கோவிந்தன் பிடித்திருப்பார். அவருக்கு எதையும் நேராகப் பிடிக்கத் தெரியாது. எங்களுக்குக் கூரை தெரியும், காலண்டர் தெரியும், அண்ணியின் அரை முகம் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு. அண்ணி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். என் மகள் நிலாவுக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு அவளுக்குப் பெரும் தொல்லை. தமிழில் கேள்வி வந்தால் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள், நான் இடையில் மொழிபெயர்ப்பேன். அன்றைக்கும் சோபாவில் சாய்ந்து கடமைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து தமிழிலேயே கேட்டாள்.

"அம்மா, அத்தை காலில் அந்தக் கறுப்பு என்ன?"

குதிகாலில் ஒரு திட்டு. பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் நீலம் பாய்ந்து.

"அது ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் அண்ணி. "முள்ளு குத்துன எடம். ரத்தம் கட்டிக்கினு கீது."

"எத்தனை நாளா அண்ணி?"

"ஆவுது, ஒரு வருசம். புளி உலுக்கப் போனப்ப குத்துச்சி."

ஒரு வருஷம். அதாவது ஐம்பது ஞாயிற்றுக்கிழமைகள். அந்தக் கால் எத்தனையோ தடவை என் கண்ணெதிரே திரையில் வந்துபோயிருக்கிறது. இதே நோயைத்தான் நான் வாரத்தில் ஐந்து நாள் பார்க்கிறேன். ஆனால் எனக்கு அது தட்டில் வளரும், படத்தில் ஊதாவாகத் தெரியும். ஒரு குதிகாலில், வெடிப்புக்கு நடுவில், மண்ணோடு சேர்ந்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குத் தெரிந்தது.

நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, நாளைக்கே வேலூர் போய்க் காட்டுங்கள் என்றேன். சாமை அறுப்பு முடியட்டும் என்றார் அண்ணி. வேண்டாம், நாளைக்கே என்றேன். அதற்குள் என் முகம் எப்படி ஆகியிருந்ததோ, அண்ணன் போனை நேராகப் பிடித்தார்.

4

மலையிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப், அங்கிருந்து வேலூருக்கு பஸ். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். மெலனோமாதான். குதிகாலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள். கவட்டில் நெறிகட்டியிருந்ததையும் எடுத்தார்கள். நுரையீரலில் மிளகு அளவில் மூன்று புள்ளிகள் இருந்தன. அறுவையால் அவற்றுக்குப் போக முடியாது. நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றலாம் என்றார் மருத்துவர்.

நான் லீவுக்கு விண்ணப்பித்தேன். நெருங்கிய உறவினர் நோயுற்றால் உடனிருந்து பார்த்துக்கொள்ள இங்கே ஒரு சலுகை உண்டு. அலுவலகத்தில் இருந்த பெண் மிகவும் கனிவாகத்தான் பேசினார்.

"உங்கள் சகோதரியா?"

"அண்ணன் மனைவி."

"உங்கள் வீட்டில் வசிக்கிறாரா?"

"நான் அவர் வீட்டில் வளர்ந்தேன்."

அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மேலும், நோயாளி இந்தப் பக்கத்து நாடுகளில் இருந்தால்தான் அந்தச் சலுகை. என் வருடாந்தர விடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணி காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அழுவார் என்று நினைத்துப் போனால், "எளச்சிப் போய்ட்ட. அங்க சோறு கீதா இல்லியா?" என்றார். சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்:

"நீ இதத்தான படிச்ச? அப்ப சொல்லு. எனுக்கு வந்தது இன்னா?"

தமிழில் சொல்ல வேண்டுமே என்று விமானத்திலேயே சொற்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். மரபணு வெளிப்பாடு, எதிர்ப்பாற்றல் பாதை, ஒழுங்குபடுத்தும் காரணிகள் என்று ஆரம்பித்தேன். அண்ணி பொறுமையாக இரண்டு நிமிஷம் கேட்டார்.

"செல்வி, தமிள்ல சொல்லு."

அண்ணன் சிரித்துவிட்டார். நான் மறுபடி ஆரம்பித்தேன். "உடம்புல கீற ஒவ்வொரு செல்லும், உள்ள இன்னா கீதுன்னு கொஞ்சம் எடுத்து வெளிய காட்டிக்கினே இருக்கணும் அண்ணி. காவலுக்குன்னு செல்லுங்க கீது. அதுங்க சுத்தி வந்து பாத்துக்கினே இருக்கும். தப்பா எதுனா தெரிஞ்சா அந்தச் செல்லக் கொன்னுடும்."

"செக்போஸ்ட்டு."

"ஆமா, செக்போஸ்ட்டு மாதிரி. புத்து செல்லு அப்டி காட்டறத நிறுத்திடும். காட்டற ஜீன் உள்ளதான் கீது, கெட்டுப்போவல. அதும்மேல ஒரு பூட்டப் போட்டுடுது."

"தார்ப்பாய இழுத்துக் கட்டிக்கினு போற லாரி." அண்ணி அண்ணனைப் பார்த்தார். "செக்போஸ்ட்டுல கீறவன் தூங்கினு கீறானா?"

"தூங்கல. அவன் கையையும் கட்டி வெச்சிடுது. இப்ப ஏத்தறாங்களே மருந்து, அது அவன் கட்ட அவுக்குது. அவுத்தா அவன் ஒரு சத்தம் குடுப்பான். இன்டர்ஃபெரான்னு பேரு. அந்தச் சத்தம் கேட்டா பூட்டிக் கீற ஜீன் சிலது தொறந்துக்கும்."

"சிலதுதானா?"

"சிலதுதான். தொறக்காத பூட்டு எது, ஏன் தொறக்கலன்னு தேடறதுதான் என் வேல."

"பதினாலு வருசமாவா தேடுற?"

"ஆமா."

"கெடச்சிதா?"

"ஒண்ணு ரெண்டு."

அண்ணி யோசித்தார். "பரவால்ல" என்றார். "கஸ்டமான வேலதான்." என் ஆராய்ச்சிக்கு நிதி தரும் குழுக்கள் எவையும் இவ்வளவு சீக்கிரம் என்னைப் புரிந்துகொண்டதில்லை. முதல் தடவை மருந்து ஏற்றும்வரை கூட இருந்துவிட்டுத் திரும்பினேன்.

5

எங்கள் கறுப்பு எலிகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மெலனோமா உள்ள எலிக்கு மருந்து கொடுத்துச் சில வாரங்களில் அதன் கறுப்பு ரோமத்துக்கு நடுவில் வெள்ளை முடி முளைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். நிறம் தரும் செல்லும் அதிலிருந்து வந்த புற்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சாடை ஒன்றுபோல இருக்கும். காவல் செல்கள் விழித்துக்கொண்டு புற்றை அடிக்கப் போகும்போது, அதே சாடையில் இருக்கும் நல்ல செல்களையும் சேர்த்து அடித்துவிடும். அந்த இடத்தில் நிறம் போய்விடும். வெள்ளை முடி தெரிகிறதென்றால் காவல் நடக்கிறது என்று அர்த்தம். மனிதர்களுக்கும் இது வருவதுண்டு. வந்தவர்களில் பலர் நன்றாக இருக்கிறார்கள், எல்லாரும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாவது தடவை மருந்து ஏற்றி இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. அண்ணி முந்தானையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனிடமிருந்து போனை வாங்கித் தன் கையைக் காட்டினார். விரல் முட்டிகளில், மணிக்கட்டில், பால் சிந்தியதுபோல வெள்ளைத் திட்டுகள். பிறகு முந்தானையை விலக்கினார். கழுத்திலும், உதட்டோரத்திலும்.

நான் கத்திவிட்டேன். சந்தோஷத்தில். கையைக்கூடத் தட்டினேன் போலிருக்கிறது. "அண்ணி! சூப்பர் அண்ணி! இதுதான் வரணும், இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்!" என்று சிரித்தேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை, திட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனுக்கு சிரிப்பா கீதா, டாக்டரம்மா?" என்றார் அண்ணி.

திரை இருண்டுவிட்டது. அதற்கப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் தனியாகப் பேசினார். குழாயடியில் ஒருத்தி அண்ணி தொட்ட குடத்தைக் கழுவிவிட்டுத்தான் பிடித்தாளாம். வெண்குஷ்டம் என்று காதுபடச் சொன்னார்களாம். அண்ணன் மகள் கவிதாவுக்கு நெல்லிவாசலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. இனி அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அண்ணி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"டாக்டரு பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு" என்றார் அண்ணன். "இவதான் மருந்து ஒத்துக்கல, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டா. நீ சொன்னா கேப்பான்னு நெனச்சேன். நீ சிரிச்சிட்ட."

6

அடுத்த தவணைக்கு அண்ணி போகவில்லை. அதற்கடுத்ததும் கிட்டே வந்துகொண்டிருந்தது. நான் கிளம்பினேன். நிலா தானும் வருகிறேன் என்றாள். அவளாக அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை நினைத்தபடி நிறுத்த முடியாது. தலைமையாசிரியரிடம் காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். 'உறவினரைப் பார்க்க' என்று எழுதினேன். மிக அவசியமான காரணமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 'சிகிச்சையை நிறுத்திவிட்ட உறவினர், என் மகள் சொன்னால் மட்டும் கேட்பார்' என்று எழுதினேன். அனுமதி வந்தது. அண்ணி யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்பதை நான் எழுதவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணி வாசலில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் முழுக்கை வைத்த ரவிக்கை. அவரிடம் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை, புதிதாகத் தைத்திருக்கிறார். நிலாவைக் கட்டிப்பிடிக்கவில்லை. "வா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். நிலா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"அத்தை, வலிக்குதா?"

"இல்ல."

"என் வகுப்பில் ஒரு பொண்ணு இருக்கு. அவளுக்கும் இது இருக்கு. அவ பந்து பிடிக்கிறவ."

"பந்து புடிக்கிறவளா?" என்று அண்ணி என்னைப் பார்த்தார்.

"கோல்கீப்பர்" என்றேன். அன்று அவர் என் முகத்தைப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் மதியம் நிலா கவிதாவோடு பலாத்தோப்புக்குப் போயிருந்தாள். நான் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து இன்னொரு கல்லை எடுத்து நானும் புளி தட்டினேன். 

"அண்ணி, அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு."

அண்ணி இன்னொரு புளியை எடுத்துத் தட்டினார்.

"எங்க லேப்ல கறுப்பு எலிங்க கீது. அதுங்களுக்கு இந்த மாதிரி வெள்ள முடி வந்தா மருந்து வேல செய்யிதுன்னு நாங்க கை தட்டுவோம். அந்தப் பழக்கத்துல…"

"அப்ப நான் உனுக்கு எலி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  அந்த ஒரு நிமிஷம் திரையில் நான் பார்த்தது மல்லிகா என்கிற என் அண்ணியை இல்லைதான். கண்ணில் நீர் வந்துவிட்டது. புளிக்கையால் துடைத்தேன், எரிந்தது.

"கைய கழுவிக்கினு வா" என்றார் அண்ணி. கழுவிக்கொண்டு வந்தேன். அவர் கல்லைக் கீழே வைத்திருந்தார்.

"எலிங்க பொழச்சிதா?"

"நெறைய பொழச்சிது."

"எல்லாமே?"

எல்லாமே என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "எல்லாம் இல்ல அண்ணி. வெள்ள முடி வந்ததுலயும் செத்துப்போனது உண்டு. ஆனா வராததவிட வந்ததுதான் நெறைய பொழச்சிது."

அண்ணி என்னையே பார்த்தார். "வர்றவன் போறவன் எல்லாம் ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னே சொல்றான். உங்க அண்ணனும் அதையே சொல்றாரு. ஒண்ணும் ஆவாதுன்னு உனுக்கு எப்டிய்யா தெரியும்னு கேட்டா முழிக்கிறாரு." ஒரு பெருமூச்சு விட்டார். "இது ஒட்டுமா?"

"ஒட்டாது."

"கவிதாவுக்கு வருமா? அவ புள்ளைங்களுக்கு?"

"மருந்தால வந்தது அண்ணி. வழிவழியா வர்றது இல்ல."

"இத நீ நெல்லிவாசலுக்கு வந்து சொல்லு. அந்தம்மா எதிர்ல சொல்லு. அப்பறம் நான் வேலூருக்கு வர்றேன்."

7

மூன்றாம் நாள் காலை ஜீப்பில் நெல்லிவாசல் போனோம், நான், அண்ணன், அண்ணி. வழியெல்லாம் நான் மனசுக்குள் பாடம் ஒப்பித்துக்கொண்டே போனேன். பெரிய மாநாடுகளில் பேசியிருக்கிறேன். ஒன்றுக்கும் இப்படி ஒப்பித்துப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பாய் போட்டு உட்காரவைத்தார். என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார், ஆனால் கண்டிப்பான முகம். நான் ஆரம்பித்தேன். காவல் செல்கள், நிறம், மருந்து, ஒட்டாது, பரம்பரையாக வராது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, மருந்த ஏன் நிறுத்தினீங்க?"

அண்ணி திகைத்தார். "இந்த வெள்ள…"

"வெள்ள கெடக்குது. எங்க மாமனாருக்கு காலு பூரா வெள்ளதான், தொண்ணூறு வயசு வரைக்கும் ஏரு ஓட்டுனாரு. எங்களுக்குத் தெரிஞ்சது மருந்த நிறுத்திட்டீங்கன்றதுதான். ஆஸ்பத்திரில கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினோம். பொண்ணோட அம்மா அப்டி கீறப்போ எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தேதி கேக்குறது? அதான் சும்மா இருந்தோம்."

 மூன்று வாரமாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சு வராததற்கு அவர்கள் ஒன்று நினைத்திருந்தார்கள், இவர்கள் ஒன்று நினைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"நீங்க போய் ஏத்திக்கினு வாங்க" என்றார் அந்தம்மா. "பொழச்சி வந்து பந்தில நின்னு பரிமாறணும். எங்க சனம் நெறைய தின்னும்."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில், வெயில் அதிகமென்று சொல்லி ரவிக்கைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டார்.

குழாயடிப் பெண் ஒன்றும் மாறிவிடவில்லை. இன்றைக்கும் குடத்தைக் கழுவிவிட்டுத்தான் பிடிக்கிறாளாம். அண்ணி இப்போது அவள் கண்ணெதிரிலேயே அவள் குடத்தை இரண்டு தடவை தொட்டுவிட்டு வருகிறார்.

8

வேலூருக்கு நானும் கூடப் போனேன். விட்டுப்போன தவணையைப் பற்றி மருத்துவர் கோபிக்கவில்லை. மருந்து ஏறும்போது நிலாவும் அண்ணியும் ஒருவருக்கொருவர் பாஷை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஸ்வீடிஷில் பத்து வரைக்கும் எண்ணுவார், ஏழாவது எண்ணில் மட்டும் ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். நிலா ஸ்வீடன் திரும்பியபின் வாரம் ஒருநாள் நடக்கும் தமிழ் வகுப்பில், வீடு பற்றிய கட்டுரையில் 'எங்க மாமா வூடு மலை மேலே கீது' என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். "அவருக்குத் தமிழ் தெரியவில்லை" என்று என்னிடம் புகார் சொன்னாள். எனக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இப்போதும் அவள் பாதி நேரம் ஸ்வீடிஷில்தான் பதில் சொல்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் எடுப்பது அவள்தான்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகளில் இரண்டைக் காணவில்லை. ஒன்று கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அறிக்கையை அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார், கோணலாகத்தான். நான் அதைப் பார்த்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டு, முதலில் அண்ணியின் முகத்தைக் காட்டச் சொன்னேன். அவர் சிரித்த பிறகு சிரித்தேன்.

கவிதாவின் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. விடுப்பு தீர்ந்துவிட்டது. தாலி கட்டுவதைப் போனில் பார்த்தேன், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மேளச் சத்தம் வந்தபோது படம் நின்றுவிட்டது, படம் வந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. ஆல்பம் வரட்டும், அதில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஆல்பம் போன மாதம் திருப்பத்தூர் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. அண்ணி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுநாளே ஜீப் ஏறி நேராகக் கடைக்குப் போய்விட்டாராம். அண்ணன்தான் சொன்னார். போட்டோகாரப் பையனுக்கு நல்ல மனசு. எல்லாப் படத்திலும் அண்ணியின் கழுத்து, கை, உதட்டோரம் எல்லாவற்றிலும் இருந்த வெள்ளையைக் கணினியில் அழித்து, ஒரே சீரான மாநிறமாக்கி வைத்திருந்தான். யாரும் கேட்காமல் அவனே செய்தது.

"நல்லாத்தானக்கா கீது?" என்றானாம்.

"நல்லாத்தான் கீது தம்பி. ஆனா அது யாரு?"

அவனுக்குப் புரியவில்லை. "இந்தத் தோலு வந்ததாலதான் நான் அந்தப் பந்தல்ல நின்னேன்" என்று சொல்லி, ஆல்பத்தை அவன் மேசையிலேயே வைத்துவிட்டு, திருத்தித் தரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அவன் மூலப் படங்களைத் தேடி எடுத்து, அச்சுக்கு அனுப்பி, ஒரு வாரத்தில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தாராம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை புது ஆல்பம் வந்துவிட்டது. நான் வழக்கம்போல, அடுத்த ஸ்கேன் எப்போது, மருத்துவர் தேதி கொடுத்தாரா, அந்தக் கடுகளவுப் புள்ளியைப் பற்றி என்ன சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"ஸ்கேனு அடுத்த மாசம். அது வர்றப்ப பாத்துக்கலாம்" என்றார் அண்ணி. "மொதல்ல இத பாரு."

அண்ணனிடமிருந்து போனைப் பிடுங்கி, பக்கத்தைத் திருப்பி நேராகக் காட்டினார். கவிதாவுக்குப் பக்கத்தில் அரக்கு நிறப் பட்டில், குட்டைக்கை ரவிக்கையில் நிற்கிறார். கையில் ஆரத்தித் தட்டு. அதைப் பிடித்திருக்கும் விரல்களெல்லாம் வெள்ளை. கழுத்துச் சங்கிலிக்குக் கீழே பெரிய திட்டு ஒன்று. உதட்டோரத்தில் ஒன்று, சிரித்ததில் கொஞ்சம் அகன்று.

"எப்டி கீறேன்?"

முதலில் முகத்தைப் பார்த்தேன்.

"அழகா கீறீங்க அண்ணி."

"அது எனுக்குத் தெரியும்" என்றார். "பொடவ எப்டி கீதுன்னு கேட்டேன்."